பெல் ஹவுசிங்கில் விரிசல்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் என்ற ஒரே உறுப்பைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்த ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1978-ஆம் ஆண்டு தயாரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 இருக்கிறது. சென்ற ஆண்டு நானும் என் மைத்துனரும் வீட்டுக் கராஜிலேயே கியர்பாக்ஸைக் கழற்றிக் கிளட்ச் மாற்றினோம். இரண்டு மாதங்களாக முதல் கியரும் ரிவர்ஸும் உரசிக்கொண்டுதான் விழுகின்றன. கிளட்ச் மிதியைத் தரை வரை அழுத்த வேண்டியிருக்கிறது. ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று எண்ணி இரண்டு முறை காற்றை வெளியேற்றியும் பயனில்லை. காரைத் தூக்கிப் பார்த்தபோது பெல் ஹவுசிங்கின் கீழ்ப்புறம், ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து மேல்நோக்கி நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. ஓட்டையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டையும் காணவில்லை. வெல்டிங் செய்யலாம் என்கிறார் ஒருவர். எபாக்ஸி பூசினாலே போதும் என்கிறார் மற்றொருவர். என்ன செய்வது? அதுவரை காரை ஓட்டலாமா?
— வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஓட்டாதீர்கள். காணாமற்போன துண்டு சாலையில் விழுந்திருந்தால் நல்லது. உறைக்குள்ளேயே விழுந்து கிடந்தால், எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பல்வளையத்துக்கும் உறைக்கும் இடையில் அது சிக்கிக்கொள்ளும் நாளில் சேதம் விரிசலோடு நிற்காது. பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

பெல் ஹவுசிங் கிளட்ச்சுக்கு ஒரு மூடி என்றே பலரும் நினைக்கிறார்கள். மூடுவது அதன் சின்ன வேலை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே அச்சில் பிடித்து நிறுத்துவதே அதன் பெரிய வேலை. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் நடுவே நுழைந்து, எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் பைலட் புஷ் என்ற சிறு வளையத்தில் போய் அமர்கிறது. இவ்விரண்டு ஷாஃப்டுகளும் ஒன்றுக்கொன்று நேராகச் சுழல்கின்றனவா, கோணலாகச் சுழல்கின்றனவா என்பதைத் தீர்மானிப்பது இந்த அலுமினிய வார்ப்புதான். அதற்கும் மேலாக, கிளட்ச்சை விடுவிக்கும் ஃபோர்க்கும் மிதியின் ஹைட்ராலிக் அழுத்தத்தால் அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் இந்த உறையில் காலூன்றித்தான் வேலை செய்கின்றன. நீங்கள் மிதியை அழுத்தும்போது ஸ்லேவ் சிலிண்டர் ஃபோர்க்கை எவ்வளவு விசையோடு ஒருபுறம் தள்ளுகிறதோ, அதே விசையோடு உறையை மறுபுறம் தள்ளுகிறது. முழுமையான உறை அதைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். விரிசல் விட்ட உறையோ வளைந்து கொடுக்கும். மிதியின் நகர்வில் ஒரு பகுதி அந்த வளைவிலேயே வீணாகிவிடும். கிளட்ச் முழுவதும் விடுபடாததால் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் முதல் கியரும், சிங்க்ரோ (சேரும் கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) இல்லாத ரிவர்ஸும் உரசுகின்றன. நீங்கள் எத்தனை முறை காற்றை வெளியேற்றினாலும் இந்தக் குறை தீராது.

இதை உறுதி செய்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. காரை ஸ்டாண்டுகளின் மேல் பத்திரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, விரிசலைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிடுங்கள். உங்கள் மைத்துனரை உள்ளே உட்காரவைத்துக் கிளட்ச் மிதியை மெல்ல அழுத்தி அழுத்தி விடச் சொல்லிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் விரிசலைப் பாருங்கள். மிதி இறங்கும்போது விரிசல் வாய் திறந்து, மிதி ஏறும்போது மூடிக்கொண்டால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இனி, இந்த விரிசல் ஏன் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வெல்டிங்கா எபாக்ஸியா என்ற கேள்விக்கு முன் வரவேண்டிய கேள்வி இது. ஏனெனில் காரணத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றினால் புதிய உறையும் அதே இடத்தில் விரியும். போல்ட் ஓட்டையிலிருந்து தொடங்கும் விரிசல், அதுவும் கிளட்ச் மாற்றிய சில மாதங்களுக்குள் தெரியும் விரிசல், பெரும்பாலும் பூட்டிய விதத்தைத்தான் சுட்டிக்காட்டும். கியர்பாக்ஸை உள்ளே தள்ளும்போது கிளட்ச் பிளேட் மையத்தில் இல்லாவிட்டாலோ, இன்புட் ஷாஃப்டின் முனை பைலட் புஷ்ஷின் விளிம்பில் முட்டிக்கொண்டாலோ, உறைக்கும் எஞ்சினின் பின்தகட்டுக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி நின்றுவிடும். கை வலித்துப்போன நேரத்தில், போல்ட்டைப் போட்டு இழுத்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று தோன்றும். சேரத்தான் செய்யும், ஆனால் அந்த இழுவை முழுவதும் உறையில் போல்ட் நுழையும் ஒரு காதில் போய் விழும். இழுத்து நீட்டினால் இரும்பு வளையும். வார்ப்பு அலுமினியம் வளைவதற்கு முன் விரியும்.

இதை நான் பிறர் தவறாகச் சொல்லவில்லை. உங்கள் ஸ்பிட்ஃபயர், ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன் மேல் உருவாக்கப்பட்ட கார். அந்த ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாராகி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடியது. தொழில் கற்றுக்கொண்டிருந்த நாளில் அப்படி ஒரு ஹெரால்டில், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நான் போல்ட்டை இழுத்தேன். 'டக்' என்ற ஒரு சிறு ஓசைதான் கேட்டது. அன்று மாலை அவர் என்னிடம் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கியர்பாக்ஸை நான்கு முறை கழற்றி மாட்டச் சொன்னார்.

பூட்டிய விதத்தோடு வேறு சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். உறையையும் எஞ்சினையும் இம்மி பிசகாமல் பொருத்துவதற்கென்று டோவல்கள் என்ற சிறு முளைகள் உண்டு. கழற்றும்போது அவை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு உடன் வந்துவிடுவதும், மறுபடி பூட்டும்போது மேசையிலேயே கிடந்துவிடுவதும் சாதாரணமாக நடப்பவை. டோவல் இல்லாத இணைப்பில் போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளி அளவுக்குக் கியர்பாக்ஸ் கீழே தொங்கிவிடும். உங்கள் காரில் அவை எந்த ஓட்டைகளில் வரவேண்டும் என்பதைப் பட்டறைக் கையேட்டில் பார்த்துச் சரிபாருங்கள். எஞ்சின் மவுண்டிங் ரப்பரும் கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரும் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்தால், ஒவ்வொரு முறை கிளட்ச்சை விடும்போதும் ஏற்படும் குலுக்கலை உறையே வாங்கிக்கொள்ளும். மேல்புறத்தில் கைக்கு எட்டாத ஒரு போல்ட்டைப் போடாமலே விட்டிருந்தாலும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்து அதிர்ந்துகொண்டிருந்தாலும் முடிவு இதுவே. உங்கள் காரில் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் அமைப்பு இருந்தால், கியர்பாக்ஸின் பின்புறம் அந்த எடையும் கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

எபாக்ஸியை உடனே தள்ளிவிடலாம். பெல் ஹவுசிங்கின் உள்ளே எண்ணெய் இருக்கக் கூடாது. கிளட்ச் உலர்ந்த இடத்தில் வேலை செய்யும் பொருள். ஆகவே அடைக்க வேண்டிய கசிவு என்று அங்கே எதுவுமில்லை. அங்கே தேவைப்படுவது வலிமை. பசையால் அதைத் தர முடியாது. விரிசலுக்குள் எண்ணெய் ஊறியிருந்தால், அது கிராங்க் ஷாஃப்டின் பின்சீலிலிருந்தோ கியர்பாக்ஸின் முன்புறத்திலிருந்தோ வந்திருக்க வேண்டும். அதைத் தனியாகத் தேடிச் சரிசெய்யுங்கள்.

வெல்டிங்கா, வேறு உறையா என்றால், ஸ்பிட்ஃபயரைப் பொறுத்தவரை என் தீர்ப்பு வேறு உறை என்பதே. இந்தக் காரில் பெல் ஹவுசிங் கியர்பாக்ஸ் உறையிலிருந்து தனியாகக் கழலும் பாகம். போல்ட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். 1962 முதல் 1980 வரை கவென்ட்ரியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் தயாரானதால், இங்கிலாந்தில் உடைக்கப்படும் கார்களிலிருந்து நல்ல உறை ஒன்றைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கடினமல்ல. தேடும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். 1500-க்கு முந்திய மார்க் 4 ஸ்பிட்ஃபயரில் வந்த பழைய கியர்பாக்ஸில் கியர் மாற்றும் தண்டுகள் மூன்று. 1500-இல் வந்ததில் ஒன்று. ஆகவே விற்பவர் ஸ்பிட்ஃபயருடையது என்று சொல்வது போதாது. எந்தக் கியர்பாக்ஸிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். மாரிஸ் மரினா என்ற காரின் கியர்பாக்ஸும் உங்களுடையதும் ஒரே குடும்பம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மரினாவின் எஞ்சின் வேறு என்பதால் அதன் பெல் ஹவுசிங் உங்கள் எஞ்சினில் சேராது.

பழைய உறையை வாங்குமுன், சந்தையில் மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதைப் போல, அதை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சிறிய சுத்தியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பெயருக்கேற்ப மணியைப் போல் ஒலித்தால் நம்பிக்கை வரும். சொத்தையான ஒலி வந்தால் வாங்க வேண்டாம். ஒலியை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் சிவப்புச் சாய ஸ்பிரேயை அடித்து, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்தபின், வெள்ளை டெவலப்பரை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழுந்து வரும். இரும்புக்குச் செய்யும் காந்தத் துகள் சோதனை அலுமினியத்தில் பலிக்காது.

ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸ் காருக்குள்ளிருந்துதான் வெளியே வரும் என்பது உங்களுக்கே தெரியும். இருக்கைகளையும் நடுவிலுள்ள மூடியையும் எடுத்துவிட்டு மடியில் குழந்தையைத் தூக்குவதைப் போலத் தூக்க வேண்டும். அது வெளியே இருக்கும்போதே கிராங்க் ஷாஃப்டை முன்னும் பின்னும் நெம்பி அதன் ஆட்டத்தை அளந்துவிடுங்கள். கிளட்ச்சை அழுத்தும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளும் விசையைத் தாங்குபவை எஞ்சினுக்குள் இருக்கும் இரண்டு அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள். இந்த எஞ்சினின் பேர்போன பலவீனம் அவை. அவை தேய்ந்து கீழே விழுந்தால் எஞ்சினின் பிளாக்கே பாழாகும். அதன் முன் பெல் ஹவுசிங் விரிசல் ஒரு பொருட்டே அல்ல.

மீண்டும் பூட்டும்போது, கிளட்ச் பிளேட்டை மையப்படுத்தும் போலி ஷாஃப்டைப் பயன்படுத்துங்கள். எஞ்சினின் பின்தகட்டிலும் உறையின் முகத்திலும் துளி மண்ணோ பழைய பெயின்ட்டோ இருக்கக் கூடாது. எஞ்சினை அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கி, கியர்பாக்ஸ் கையால் தள்ளும்போதே இரண்டு முகங்களும் சுற்றிலும் ஒட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். அவ்வாறு ஒட்டிய பிறகுதான் முதல் போல்ட். எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் திருகிய பிறகுதான் ஸ்பேனர். அதுவும் எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு. ஒட்டாவிட்டால் பின்னால் எடுத்து மறுபடி தள்ளுங்கள், நான்கு முறையானாலும்.

கேள்வி: என்னுடையது 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரைப் பிடித்திருக்கும் காதைச் சுற்றிப் பெல் ஹவுசிங்கில் விரிசல். எம்ஜிபியில் பெல் ஹவுசிங் தனியாகக் கழலாது என்பதால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வெளியே எடுக்காமல் காரிலேயே வைத்து வெல்டிங் செய்துதருகிறேன் என்கிறார் எனக்குத் தெரிந்த வெல்டர். நல்ல கைத்திறன் உள்ளவர். சம்மதிக்கலாமா?
— வாசகர், மெல்பர்ன்

பதில்: அவருடைய கைத்திறனை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் சம்மதிக்காதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் போல, எம்ஜிபியில் பெல் ஹவுசிங்கும் கியர்பாக்ஸ் உறையும் ஒரே வார்ப்பு. இதனால்தான் கிளட்ச்சைத் தொடுவதற்கே அந்தக் காரில் எஞ்சினை எடுக்க வேண்டியிருக்கிறது. வேறு உறை வாங்குவது என்றால் கியர்பாக்ஸையே முழுவதும் பிரித்து இன்னொரு பெட்டிக்குள் மாற்றுவதாகும். ஆகவே உங்கள் நிலைமையில் வெல்டிங்கை நாடுவது நியாயமே. லெஸ்டர் வாசகருக்கு நான் சொன்ன தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் காரிலேயே வைத்துச் செய்யக் கூடாது என்பதற்குக் காரணங்கள் பல. அந்தக் காதுக்குப் பக்கத்தில் பிரேக் எண்ணெயின் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ராலிக் எண்ணெய். உறைக்கு அந்தப் பக்கம் கியர் எண்ணெய். எர்த் கிளாம்ப்பைக் காரின் உடலில் எங்கோ மாட்டினால் மின்சாரம் கியர்பாக்ஸின் பேரிங்குகள் வழியாகத் திரும்பி, அவற்றின் குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழச் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, விரிசலின் உட்பக்கத்தை அவர் பார்க்கவே முடியாது. உறையின் இருபுறமும் வெல்டிங் பிடிக்கப்படாவிட்டால், பின்புறம் மிஞ்சியிருக்கும் அரை விரிசல் மறுபடியும் வளரத் தொடங்கும்.

முறையாகச் செய்வதென்றால், கியர்பாக்ஸை முழுவதும் பிரித்து, பேரிங்கும் சீலும் ஷாஃப்டும் இல்லாத வெற்று உறையாக அவரிடம் கொடுங்கள். 50 ஆண்டு எண்ணெய் குடித்த வார்ப்பு அது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் சூடேற்றியவுடன் நுண்துளைகளிலிருந்து எண்ணெய் வியர்த்து வரும். சூடாக்கித் துடைப்பதை எண்ணெய் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். துடைப்பதற்கு அசிட்டோன் போதும். பிரேக் சுத்தம் செய்யும் ஸ்பிரேக்களில் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். வெல்டிங் ஒளியிலும் வெப்பத்திலும் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. அந்த ஸ்பிரேயை வெல்டிங் நடக்கும் அறைக்குள்ளேயே கொண்டுபோக வேண்டாம்.

விரிசலின் இரு முனைகளையும் சாயம் போட்டுக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். கூரிய முனையில் குவியும் விசை வட்டத் துளையில் பரவிவிடுவதால் விரிசல் மேலும் ஓடாது. பிறகு விரிசலை முழு ஆழத்துக்கும் வாய்க்காலைப் போல அகற்றி, ஸ்டெயின்லெஸ் கம்பித் தூரிகையால் தேய்த்து, அந்த வாய்க்காலை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். நம் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்லும் டிக் வெல்டிங்தான் இதற்கு ஏற்றது. அலுமினியத்தின் மேல் படரும் ஆக்சைடை உடைப்பதற்காக மாறுதிசை மின்சாரத்தில் வைத்துச் செய்வார்கள். இப்படிப்பட்ட வார்ப்புகளுக்கு 5 சதவீத அளவில் சிலிக்கான் கலந்த 4043 கம்பி வழக்கம். உறையை முன்கூட்டியே 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சீராகச் சூடாக்கிக்கொள்வதும், முடிந்தபின் காற்றுப் படாமல் போர்த்தி மெல்ல ஆறவிடுவதும் மிக முக்கியம். ஒரே இடத்தில் மட்டும் வெப்பம் ஏறி இறங்கினால், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் பிறக்கும்.

உங்கள் வெல்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: எதில் பூட்டி வைத்துச் செய்யப்போகிறீர்கள்? சும்மா மேசையில் வைத்து வெல்டிங் பிடித்தால் உறை முறுக்கிக்கொள்ளும். எஞ்சினில் சேரும் முகத்தைத் தடித்த இரும்புத் தகட்டிலோ பழைய எஞ்சின் பிளாக்கிலோ எல்லா போல்ட்டுகளும் போட்டு இறுக்கி, சிறு சிறு துண்டாக இடம் மாற்றி மாற்றிச் செய்து, முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அதன் பின்னும் நேரான அளவுக்கோலையும் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜையும் வைத்து முகத்தின் சமநிலையைப் பார்க்க வேண்டும். கோணியிருந்தால் மில்லிங் எந்திரத்தில் மெல்லிய சீவல் எடுக்க வேண்டியிருக்கும்.

காது விரிந்ததற்குக் காரணமும் வேண்டும் அல்லவா? எம்ஜிபியில் ஸ்லேவ் சிலிண்டர் இரண்டு போல்ட்டுகளில் நிற்கிறது. அவற்றில் ஒன்று தளர்ந்திருந்தால் கிளட்ச்சின் முழு விசையும் மற்றொன்றின் காதில் ஏறும். சரியான போல்ட்டுகள்தாம் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

கேள்வி: என் தந்தையார் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டைச் சீர்படுத்திக்கொண்டிருக்கிறேன். அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல என்றாலும் ஸ்பிட்ஃபயரின் உறவு என்பதால் கேட்கிறேன். பெல் ஹவுசிங்கில் இரண்டு காதுகள் விரிந்திருக்கின்றன. இரண்டிலும் மரை தேய்ந்துபோனதால் முன்பு யாரோ 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். இதற்கும் விரிசலுக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், மயிலாப்பூர், சென்னை

பதில்: உண்டு. அந்த போல்ட்டுகளே குற்றவாளிகள் என்று சொல்வேன்.

அக்கால ஆங்கிலேயக் கார்களில் வருவன அங்குலக் கணக்குப் போல்ட்டுகள். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட் அதற்குச் சகோதரனைப் போலவே தெரியும். ஆனால் சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டில் மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர், 5/16 அங்குலத்தின் முரட்டு மரையில் 1.41 மில்லிமீட்டர், நுண்மரையில் 1.06 மில்லிமீட்டர். முதல் இரண்டு சுற்று தடையில்லாமல் போகும். அதன்பின் இறுகும், இறுகுவதைப் பார்த்து நன்றாகப் பிடித்துவிட்டது என்று எண்ணி இன்னும் திருப்புவார்கள். இரும்பு போல்ட் அலுமினிய மரையை அறுத்துக்கொண்டு ஆப்பைப் போல நுழைந்து, காதை உள்ளிருந்து பிளக்கும். நம் ஊரில் அங்குலப் போல்ட் கிடைப்பது அரிதான பிறகு எத்தனையோ ஹெரால்டுகள் இப்படிக் காதறுந்து போயின.

விரிந்த காதை ஆர்கான் வெல்டிங்கில் மீட்டு, ஓட்டையைப் புதிதாகத் துளைத்து, ஹெலிகாயில் எனப்படும் இரும்புச் சுருள் மரையை உள்ளே வைத்து, பழைய அங்குல அளவிலேயே போல்ட் போடுங்கள். அலுமினியத்தில் நேராக மரை எடுப்பதைவிட அது உறுதியானது.

கேள்வி: 1969-ஆம் ஆண்டு ஷெவர்லே கார்வெட்டில் விரிந்த அலுமினியப் பெல் ஹவுசிங்கை எடுத்துவிட்டுப் புதியதொன்றை மாட்டினேன். விரிசல் போனது, ஆனால் ஆறே மாதத்தில் பைலட் புஷ் தேய்ந்துவிட்டது, நான்காவது கியர் சில நேரங்களில் தானாகக் கழன்றுகொள்கிறது. புதிய உறையில் என்ன குறை இருக்க முடியும்?
— வாசகர், டொரொன்டோ

பதில்: உறை புதிதாக இருக்கலாம், நேராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பெல் ஹவுசிங்கின் பின்புறத்தில், கியர்பாக்ஸின் முன்கழுத்து வந்து அமரும் வட்டத் துளையின் மையம் கிராங்க் ஷாஃப்டின் மையத்தோடு ஒன்ற வேண்டும். பிளாக்கில் டோவல் துளை போட்டபோது நேர்ந்த சிறு பிசகும், உறையைக் கடைந்தபோது நேர்ந்த சிறு பிசகும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டால் இரண்டு மையங்களும் விலகிவிடும். இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைக்கப்பட்டு, பைலட் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, நேரடி கியரான நான்காவது கியர் கழன்றுகொள்வது அதன் வழக்கமான அடையாளம்.

கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் கழற்றிவிட்டுப் பெல் ஹவுசிங்கை மட்டும் எஞ்சினில் முழு இறுக்கத்தோடு பூட்டுங்கள். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்த அடியை ஃப்ளைவீலில் ஒட்டி, அதன் முனையை அந்த வட்டத் துளையின் உட்சுவரில் படவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முள் காட்டும் மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடு 0.005 அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மெக்கானிக்குகளின் பொதுவான கணக்கு. அதைத் தாண்டினால், அந்த வேறுபாட்டில் பாதிதான் மையம் விலகியிருக்கும் தூரம் என்பதை மறந்துவிடாதீர்கள்; முழுவதையும் திருத்தப் போய் மறுபக்கம் சாய்த்துவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் எஞ்சினுக்கு 0.007, 0.014, 0.021 அங்குலம் மையம் விலகிய டோவல்கள் தனியாகக் கிடைக்கின்றன. முள் காட்டிய பிசகில் பாதிக்கு நெருங்கிய அளவை வாங்கி, இரண்டையும் ஒரே திசையில் திருப்பிப் பொருத்தி, மறுபடி அளவெடுங்கள். பின்முகமும் கிராங்க் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று அதே கேஜை முகத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்போது கிராங்க் ஷாஃப்டை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றாவிட்டால், அதன் முன்பின் ஆட்டமே கோணலாகக் கணக்கில் வந்துவிடும்.

தேய்ந்த புஷ்ஷையும் மாற்றிவிட்டுத்தான் கியர்பாக்ஸை ஏற்ற வேண்டும். நான்காவது கியர் அதன் பின்னும் கழன்றால், கியர்பாக்ஸையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆறு மாதக் கோணல் ஓட்டத்தில் முன் பேரிங்கும் கியர் பற்களின் ஓரங்களும் தேய்ந்திருக்கக்கூடும்.

கேள்வி: 1973 மாடல் போர்ஷே 911-இன் கியர்பாக்ஸ் உறையில், எஞ்சினோடு சேரும் மணி வடிவப் பகுதியில், ஸ்டட் ஓட்டை ஒன்றின் அருகே மயிரிழை விரிசல். அலுமினிய வெல்டிங் செய்பவரிடம் கொடுக்கலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: கொடுப்பதற்கு முன் அது அலுமினியந்தானா என்று பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் 911-இல் வந்த 915 வகைக் கியர்பாக்ஸின் உறை மக்னீசியக் கலவையால் ஆனது. விரிசலுக்குத் தொலைவில், மறைவான ஓரிடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஒரு சொட்டு வினிகர் விட்டால், மக்னீசியம் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா இருக்கும். சோதித்த இடத்தைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

மக்னீசியத்துக்கு வெல்டிங் கம்பி வேறு. அலுமினியக் கம்பியை வைத்தால் பிடித்ததுபோல் பிடித்து, ஆறும்போது வெடித்துவிடும். அதோடு, அரத்தாலோ கிரைண்டராலோ தேய்க்கும்போது பறக்கும் மக்னீசியத் தூள் தீப்பற்றினால் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளொளியோடு எரியும். தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீ பெருகும்; கார்பன் டை ஆக்சைடு அணைப்பான்கூட உதவாது, ஏனெனில் மக்னீசியம் அந்த வாயுவிலும் எரியும். உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்று இருக்கும் தூளோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மக்னீசிய வார்ப்புகளில் வேலை செய்து பழகிய ஒருவர் கிடைக்கும்வரை உறையை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். உங்கள் ஊரின் ஈரக் காற்றில், பெயின்ட் உரிந்த மக்னீசியம் சில வாரங்களிலேயே வெண்பொடி பூத்துவிடும்.